பில்லி ஹாலிடேயோட மெதுவான பாட்ட எப்படி கேக்கறது, வளவு வீட்டுல இருந்து ஒரு கைடு

மொதல்லயே சொல்லிடறேன், வளவுல, அதாவது வீட்டுக்கு நடுவுல இருக்கற தொறந்த முத்தத்துல, வச்சு கேக்காதீங்க. செட்டிநாட்டுல, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் பெரிய வீடு இருக்கறவங்களுக்காக தான் இந்த எச்சரிக்கை, மத்தவங்க அடுத்த பாராவுக்கு போகலாம். நம்ம வீட்டு செவுரு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், கீழ கல்லு இல்லன்னா ஆத்தங்குடி டைல்ஸ், மேல அவ்ளோ ஒசரம், நடுவுல வானம். கல்யாணத்துல நாயனமும் தவிலும் அங்க எழும்பி வர்றப்ப புல்லரிக்கும், மறுக்கவே இல்ல, ஆனா அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடுனது மைக்குக்கு கிட்டக்க நின்னு, பக்கத்துல உக்காந்திருக்கற ஒருத்தர்கிட்ட பேசற அளவுக்கான சத்தத்துல. அத தூக்கி வளவுல விட்டா குரல் தூணுல மோதி திரும்பி வந்து அடுத்த வார்த்தை மேல விழுந்து எல்லாம் கஞ்சியாயிடும். நான் ரெண்டு வருஷம் ப்ளூடூத் ஸ்பீக்கர தூணுக்கு கீழ வச்சு கேட்டுட்டு "என்னய்யா இத போய் பெருசா பேசறாங்க"ன்னு நெனச்சவன். ஒரு நாள் மழை, சாரல் அடிக்குதுன்னு எங்க புள்ளிக்கு (எங்க குடும்பத்துப் பங்குக்கு) விட்டிருக்கற உள்ரூமுக்கு ஸ்பீக்கர தூக்கிட்டு போனேன், அங்க கல்யாண மெத்தை தலகாணி எல்லாம் அடுக்கி கெடக்கும், மேல ஜமுக்காளம், எதிரொலி ஒரு துளி கெடையாது. கதவ சாத்திட்டு அதே பாட்ட போட்டா காதுக்கு பக்கத்துல ஒரு பொம்பள மூச்சு விடற சத்தம் கேக்குது. பாட ஆரம்பிக்கறதுக்கு முந்தின மூச்சு. ரெண்டு வருஷமா அது எனக்கு கேக்கவே இல்ல.

அதனால சின்ன ரூம், துணிமணி நெறைய இருக்கணும், ஃபேன் முடிஞ்சா ஆஃப் (மே மாசம் முடியாது, தெரியும்). போன் ஸ்பீக்கர்ல கேக்க வேணாம், எவர்சில்வர் சொம்புக்குள்ள போன போட்டு கேக்கற டெக்னிக்கும் வேணாம், ஏன்னா இந்த பாட்டுல தாளம் நிக்கறதே டபுள் பேஸ் மேல, அந்த அடிக்குரல் வாத்தியம் போன் ஸ்பீக்கர்ல வரவே வராது, தாளம் தெரியலன்னா அந்தம்மா என்ன பண்றாங்கன்னே தெரியாது. ஒயர் வச்ச சாதா இயர்போன் போதும். பேஸ் பூஸ்ட் ஆஃப். சத்தம் கம்மியா. யாராவது மெதுவா பேசுனா தானா கிட்ட சாஞ்சு கேப்போம்ல, அந்த அளவு வச்சா போதும்.

ஆள பத்தி சுருக்கமா. 1915ல பிலடெல்ஃபியால பொறந்து பால்டிமோர்ல வளந்தவங்க, சொந்த பேரு எலனோரா ஃபேகன். 1933ல மொத ரெக்கார்டு, 1959 ஜூலைல நியூயார்க்ல எறந்தப்ப வயசு 44 தான். குரலோட எல்லை ரொம்ப சின்னது, ஒரு ஸ்தாயிய கொஞ்சம் தாண்டும், அவ்ளோ தான். பிருகா கெடையாது, மேல போய் நின்னு கைதட்டு வாங்கற வேலையும் கெடையாது. கச்சேரி கேட்டு பழகுன காதுக்கு மொத தடவ "இதுல என்ன இருக்கு"ன்னு தான் தோணும். தோணட்டும்.

ஆரம்பிக்க வேண்டிய பாட்டு என் கணக்குல "ஐ'ல் பீ சீயிங் யூ", 1944ல கொமடோர் கம்பெனிக்கு பாடுனது. யூடியூப்ல தேடுறப்ப வருஷத்த பாருங்க, ஏன்னா இந்தம்மா பாட்ட நூத்துக்கணக்கான தொகுப்புல மாத்தி மாத்தி போட்டு வச்சிருக்காங்க, சிலதுல கரகரப்ப எடுக்கறேன்னு குரலோட ஓரத்தையும் சேத்து சீவிட்டாங்க, சிலதுல எக்கோ வேற போட்டிருக்காங்க, அதுக்கு நீங்க வளவுலயே கேட்டுருக்கலாம். கரகரப்பு இருந்தா இருக்கட்டும், பத்து நிமிஷத்துல காது அத ஒதுக்கிரும்.

இப்ப கேக்கற முறை. மொத தடவ பாட்ட கேக்கவே கேக்காதீங்க, பேஸ மட்டும் கேளுங்க, காலால நாலு நாலா தட்டுங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ரொம்ப மெதுவா போகும், தூக்கம் வர்ற மாதிரி. டிரம்ஸ்ல கம்பு இருக்காது, கம்பி பிரஷ்ஷால தேய்ப்பாங்க, மொறத்துல அரிசி பொடைக்கற மாதிரி ஒரு சரசர. அந்த நாலு உங்க கால்ல ஒட்டுற வரைக்கும் விடாதீங்க. ரெண்டாவது தடவ காலு தட்டிட்டே இருக்கட்டும், இப்ப ஒவ்வொரு வரியோட மொத வார்த்தை எங்க விழுதுன்னு மட்டும் பாருங்க. ஒண்ணுல விழணும்ல? விழாது. ஒண்ணு போயிரும், ஒண்ணே முக்கால், சில சமயம் ரெண்டும் தாண்டிரும், பியானோ ஏற்கனவே அடுத்த எடத்துக்கு கெளம்பிருக்கும், அய்யய்யோ பஸ்ஸ விட்டுட்டாங்கன்னு நமக்கு பதறும், அப்பறம் நிதானமா வார்த்தை வரும், வந்து நடுவுல ரெண்டு மூணு வார்த்தைய நெருக்கிப்பிடிச்சு சொல்லி வரி முடியற எடத்துல கச்சிதமா வந்து நின்னுரும். இதுக்கு இத்தாலி சங்கீதத்துல ரூபாத்தோன்னு பேரு, திருடுன நேரம்னு அர்த்தம். எங்க ஊருல அத திருட்டுன்னு சொல்ல மாட்டோம், கைமாத்து. வரி ஆரம்பத்துல நேரத்த கைமாத்தா வாங்குறாங்க, வரி முடியறதுக்குள்ள திருப்பி கட்டிடறாங்க, பாக்கி நிக்காது. வட்டிக்கு கணக்கு எழுதி பொழச்ச ஊருக்கு இத விட தெளிவா எனக்கு சொல்ல தெரியல.

நம்ம கீர்த்தனைலயும் எடுப்பு (தாளத்துல பாட்டு ஆரம்பிக்கற எடம்) தள்ளி இருக்கும், அரை எடம், முக்கா எடம்னு. ஆனா அத ஒரு தடவ வச்சுட்டா பெரும்பாலும் அதே எடம் தான், கேக்கறவனுக்கும் தெரியும், மிருதங்கக்காரருக்கும் தெரியும். இந்தம்மாவுக்கு வரிக்கு வரி மாறும். அடுத்த வரி எவ்ளோ லேட்டா வரும்னு பேஸ் வாசிக்கறவருக்கு கூட தெரியாது, அவரு அசையாம நாலு எண்ணிட்டே இருக்கணும். அவரும் அந்தம்மா பின்னாடி போனா எல்லாம் கவுந்துரும். அதான் மொதல்ல பேஸ கேக்க சொன்னேன், அசையாத ஒண்ணு இருந்தா தான் லேட்டுங்கறதே தெரியும்.

பாட்டோட அர்த்தம் தெரியாம கேக்கலாமான்னா, ஒரு தடவ வரிய தேடி படிச்சுருங்க, இங்கிலீஷ் சுலபமா தான் இருக்கும். இது 1938ல எழுதுன பாட்டு, ரெண்டாவது உலகச் சண்டை சமயத்துல பிரிஞ்சு இருந்தவங்க எல்லாம் தூக்கி வச்சுக்கிட்டது. போனவன நாங்க ரெண்டு பேரும் சுத்துன எடத்துல எல்லாம் பாத்துக்கறேன், அந்த சின்ன காபி கடை, எதிர்த்தாப்புல பார்க், இப்படி போகும். எங்க அப்பத்தா ஒரு நாள் ரூமுக்குள்ள வந்து, "ஏப்பா, என்ன இவ பாடுறாளா பேசுறாளா?"ன்னு கேட்டாங்க. நான் அர்த்தம் சொன்னேன். அவங்க அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூன்ல கணக்குப்பிள்ளையா இருந்தவரு, கொண்டுவிக்க (கடல் தாண்டி தொழிலுக்கு) போனா மூணு வருஷம், 42ல ஜப்பான்காரன் வந்தப்ப எங்க இருக்காருன்னே தெரியாம வீட்டுல காத்திருந்திருக்காங்க, பொறவு நடந்தே வந்து சேந்தாராம். அப்பத்தா கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்துல உக்காந்து கேட்டுட்டு, "அப்ப கடுதாசி வராத வீட்டுப் பாட்டுன்னு சொல்லு"ன்னுட்டு பால் காய்ச்ச போயிட்டாங்க. ஜாஸ் பத்தி நான் படிச்ச எந்த கட்டுரையும் அவ்ளோ சுருக்கமா சொல்லல. (இன்னொண்ணு, செவ்வாய் கிரகத்துல 2004ல எறங்குன ஆப்பர்ச்சூனிட்டி வண்டி 2018 புழுதிப்புயல்ல பேச்ச நிறுத்திருச்சு, 2019 பிப்ரவரில நாசாக்காரங்க கடைசியா அதுக்கு அனுப்புனது இதே பாட்டு, இதே குரல். பதில் வரல.)

அடுத்த வேலை, ஒரே பாட்ட வேற வேற ரெண்டு வருஷத்துல பாடுனத வச்சு கேக்கறது. இது தான் முக்கியமான பயிற்சி, இத பண்ணாம மேல போகாதீங்க. பாட்டு "எம்ப்ரேசபிள் யூ", ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டு. மொதல்ல வேற ஒருத்தர்கிட்ட மெட்டு கத்துக்கணும், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1959ல கெர்ஷ்வின் பாட்டா பாடுன தொகுப்புல இது இருக்கு, மெட்டு எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு நோட்டு போட்ட மாதிரி சுத்தமா பாடிருப்பாங்க. ரெண்டு தடவ கேட்டு ஹம் பண்ணுங்க, வாயில வந்துருச்சா, இப்ப பில்லி 1944ல பாடுனத போடுங்க. மெட்டு காணோமேன்னு தோணும். ஏறற எடத்துல ஏற மாட்டாங்க, அஞ்சாறு ஸ்வரம் இருக்கற எடத்த ரெண்டு மூணு ஸ்வரத்துலயே முடிச்சுருவாங்க, பேச்சு எப்படி மேல கீழ போகுமோ அந்த அளவு தான் அசைவு. எதெல்லாம் விட்டாங்கன்னு தெரியணும்னா அசல் மெட்டு உங்க வாயில இருக்கணும், இல்லன்னா இது என்ன சோம்பேறித்தனமான பாட்டுன்னு கடந்து போயிருவீங்க, நான் போனேன்.

பொறவு 1957ல அதே பாட்ட நார்மன் கிரான்ஸோட கம்பெனிக்கு பாடுனது. 44ல பாடுனது 78 வேக (நிமிஷத்துக்கு 78 சுத்து) தட்டு, ஒரு பக்கத்துக்கு சுமார் மூணு நிமிஷம், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும். 57ல எல்பி, அதாவது நீளமா ஓடற தட்டு, வந்துருச்சு, ஆறு நிமிஷத்துக்கு மேல போகுது, அவசரமே இல்ல. குரல் வேற ஆளு மாதிரி இருக்கும், தேஞ்சு, ஓரம் பிஞ்சு, மேல ஸ்வரத்துல நிக்க முடியாம. ஆனா அந்த கைமாத்து கணக்கு இன்னும் பெருசாயிருக்கும், 44ல தள்ளுனத விட இங்க இன்னும் தள்ளி அப்பவும் சரியா வந்து சேருவாங்க. குரல் கொறஞ்சப்ப கணக்கு கூடிருக்கு. இத நீங்களே காலால தட்டி கண்டுபிடிக்கணும், நான் சொல்லி ஒத்துக்கறதுல பிரயோஜனம் இல்ல.

அந்த 57 ரெக்கார்டுல இன்னொண்ணும் பாருங்க, பென் வெப்ஸ்டர்னு ஒருத்தர் டெனர் சாக்ஸபோன். அவரு ஸ்வரம் முடியறப்ப வாத்தியத்துல இருந்து வெறும் காத்து வரும், புஸ்ஸுன்னு. டிரம்பெட் ஸ்வீட்ஸ் எடிசன். அந்தம்மா ஒரு வரி சொல்லி நிறுத்துனா அந்த எடைவெளில இவங்கள்ல ஒருத்தர் ரெண்டு மூணு ஸ்வரத்துல பதில் சொல்லுவாரு. நம்ம வயலின்காரரு பாட்ட நெழல் மாதிரி தொடர்ந்து அதையே திருப்பி வாசிப்பாருல்ல, இங்க திருப்பி சொல்ல மாட்டாங்க, "ம்", "அப்படியா", "அட விடு"ன்னு பேச்சுக்கு துணை போற மாதிரி. ஒரு தடவ வாத்தியத்த மட்டும் அப்படி கேளுங்க, திண்ணைல ரெண்டு பேரு பேசறத கேட்ட மாதிரி இருக்கும். இந்த வேலைல அந்தம்மாவுக்கு எல்லாரையும் விட நெருக்கம் லெஸ்டர் யங், அவரு தான் "லேடி டே"ன்னு பேரு வச்சாரு, இவங்க அவருக்கு "பிரெஸ்"னு வச்சாங்க. 1939 "த மேன் ஐ லவ்"ல அவரு சாக்ஸ் தனியா வர்ற எடம் இருக்கு, அத கேட்டுட்டு உடனே குரலுக்கு திரும்புனா யாரு யார பாத்து கத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது.

பாட்டு அமைப்பு பத்தி ரொம்ப மண்டைய ஒடச்சுக்க வேணாம். "தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்" எடுத்துக்கங்க, எட்டு எட்டு தாளக்கட்டா (நாலு எண்ணுனா ஒரு கட்டு) நாலு பகுதி, மொத்தம் 32. ஒண்ணாவது ரெண்டாவது நாலாவது ஒரே மெட்டு, மூணாவது மட்டும் வேற, அத பிரிட்ஜுன்னு சொல்லுவாங்க. பல்லவிக்கு நடுவுல சரணம் வந்துட்டு போன மாதிரி வச்சுக்கலாம், சரியான உவமை இல்ல, வேலைக்கு ஆகும். அதையும் ரெண்டு தடவ பாடிருக்காங்க, 1936ல டெடி வில்சன் குழுவோட, அப்ப வயசு 21, குரல்ல ஒரு குறும்பு, 1952ல ஆஸ்கர் பீட்டர்சன் பியானோவோட, மெதுவா. ரெண்டையும் அடுத்தடுத்து போடுங்க, சொல்ல வேண்டியது அவ்ளோ தான்.

இப்ப ஒரு எரிச்சல். இந்தம்மா பேர சொன்னாலே எல்லாரும் வாழ்க்கைக் கதைய தான் ஆரம்பிப்பாங்க, போதை, 1947ல ஜெயில், நியூயார்க்ல சரக்கு விக்கற கிளப்ல பாடற லைசென்ஸ் போனது, சாகக் கெடந்த ஆஸ்பத்திரி கட்டில்லயே போலீஸ் கைது பண்ணது. எல்லாம் நெஜம், படிச்சா வயிறு எரியும், கறுப்பா பொறந்த ஒரு பொம்பளைய அந்த நாடு என்ன பாடு படுத்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும் தான். ஆனா பாட்டு கேக்கறப்ப அத வெளில செருப்போட விட்டுட்டு வாங்க. பாவம்னு நெனச்சுட்டு கேட்டா எல்லா வரியும் அழுகையா தான் கேக்கும், அந்தம்மா பண்ற வேலை கேக்காது. அழறவங்களால இவ்ளோ சரியா கணக்கு வைக்க முடியாதுங்க. நம்ம ஊரு ஒப்பாரி பாடற ஆச்சிங்கள பாருங்க, தொண்ட கம்மும், ஆனா எதுகை தவறாது, அடுத்த அடி எங்க எடுக்கணும்னு அவங்களுக்கு தெரியும், சுத்தி இருக்கறவங்க தான் அழுவாங்க.

கடைசியா தான் "லேடி இன் சாட்டின்". 1958 பிப்ரவரில ரெக்கார்ட் பண்ணது, ரே எல்லிஸ் ஆர்கெஸ்ட்ரா, வயலின் கூட்டம், கோரஸ், பட்டுப்பாய் விரிச்ச மாதிரி, அது மேல மரம் அறுத்த மாதிரி ஒரு குரல். பலரும் இதுல இருந்து தான் ஆரம்பிக்க சொல்லுவாங்க, தப்பு, ஆரம்பத்துலயே கேட்டா ஒண்ணு ஓடிருவீங்க இல்லன்னா பாவம்னு உக்காந்துருவீங்க. ரே எல்லிஸ்க்கே பாடுனது அப்ப திருப்தி இல்ல, அப்பறம் உக்காந்து முழுசா கேட்டு தான் மனச மாத்திக்கிட்டாரு. மொத பாட்டு "ஐ'ம் எ ஃபூல் டு வாண்ட் யூ". வயலின பின்னாடி தள்ளிட்டு குரல மட்டும் புடிங்க, ஒவ்வொரு வரி கடைசிலயும் ஸ்வரத்த நீட்டாம விட்டுருவாங்க, விடறப்ப சின்னதா ஒரு நடுக்கம், சில எடத்துல அது கீழ வழுக்கும். 36ல அந்த நடுக்கம் ஒரு அலங்காரம், கொலுசு மாதிரி. இங்க அது தான் மிச்சம் இருக்கறது. ஆனா நேரம்? காலால தட்டிப் பாருங்க.

இதுல நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லணும், நீங்களாவது பண்ணாதீங்க. இந்த ஆல்பத்தோட எல்பி ஒண்ணு கஷ்டப்பட்டு வாங்கிட்டு ஊருக்கு வந்தேன், வீட்டுல ஐயா வச்சிருந்த சாவி குடுக்கற கிராமபோன் இருக்கு, கொழாய் வச்சது, சினிமால வர்ற மாதிரி. அதுல போட்டு பில்லி ஹாலிடே கேட்டா எப்படி இருக்கும்னு ஒரு ஆசை. அது 78 வேகம், எல்பி 33, குரல் எலி மாதிரி கீச்சுன்னு வந்துச்சு, அது கூட பரவால்ல, அந்த கொழாய் தலை கனம் அம்புட்டும் இரும்பு ஊசி வழியா மெத்துன்னு இருக்கற வினைல் மேல எறங்கி, அஞ்சு செகண்டுல தட்டு மேல வெள்ளையா ஒரு கோடு. பழைய அரக்குத்தட்டு தாங்கும், வினைல் தாங்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய கிராமபோன் பாத்து ஆசைப்பட்டு வாங்குறவங்க அதுக்கேத்த 78 தட்டும் சேத்து தேடி வாங்குங்க, எல்பிக்கு தனியா இப்பத்திய பிளேயர் தான் வேணும். என் தட்டுல இப்ப மொத பாட்டு வர்றப்பல்லாம் ஒரு சுத்துக்கு ஒரு தடவ டக்குன்னு ஒரு அடி விழுது.

எவ்ளோ நாள் ஆகும்னு கேட்டா, ஒரு ராத்திரிக்கு ஒரு பாட்டு, அதையே மூணு தடவ, அதுக்கு மேல வேணாம். பிளேலிஸ்ட் போட்டு ஓட விட்டா நாலாவது பாட்டுல காது மரத்துரும், எல்லாமே ஒண்ணு மாதிரி கேக்கும், காபி கடை பின்னணி ஆயிரும். "ஐ'ல் பீ சீயிங் யூ" ஒரு வாரம், "எம்ப்ரேசபிள் யூ" ரெண்டும் ஒரு வாரம், "தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்" ரெண்டும், அப்பறம் சாட்டின். சாட்டின் முடிச்ச அன்னைக்கு அப்படியே தூங்க போகாதீங்க, 1936க்கு திரும்பி போய் அந்த 21 வயசு குரல ஒரு தடவ போட்டுட்டு படுங்க. ராத்திரி பத்துக்கு மேல நல்லது, எங்க ஊருல அப்ப தெருவுல ஒரு வண்டி போகாது. அப்பத்தா இப்ப கதவ தட்டி "அந்த கடுதாசிக்காரி பாட்டு போடலியா?"ன்னு கேக்கறாங்க, போட்டா பாதில தூங்கிடறாங்க, நான் காலு தட்டறத நிறுத்தறதில்ல.